பச்சை முளைப்பாரி

கொஞ்சம் தள்ளி உட்காருங்க தம்பி, வெயில் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மனு போட்டாச்சா? நான் வந்ததுமே போட்டுவிட்டேன். கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடுவார்கள். போன தடவையும் கூப்பிட்டார்கள், "பஞ்சவர்ணம் வீட்டுக்காரர் யாரு?" என்று. எழுந்து ஓடினேன். "அவங்க வரலையாம், போங்க" என்று சொல்லிவிட்டு அந்தக் காவலரம்மா கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. அதற்கு முந்தின தடவையும் இதே கூத்துதான்.

தாலி கட்டினவன் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்து ஜெயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். வந்து முகத்தைக் காட்டினால் என்ன? உள்ளே என்ன கலெக்டர் வேலையா பார்க்கிறாள்? மகள் வந்தால் மட்டும் ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாளாம்.

நீங்க யாரைப் பார்க்க? அக்காவா? சரி சரி, என்ன கேஸ் என்று நான் கேட்க மாட்டேன். இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் எவனும் சாமி கும்பிட வந்தவன் இல்லை. நான் சொல்கிறேன், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. எங்களுடையது கஞ்சா கேஸ்.

பாத்தீங்களா, தள்ளி உட்காருகிறீங்க. என் பெண்டாட்டி கஞ்சா விற்கிறவள் இல்லை தம்பி. வெற்றிலைகூடப் போடாதவள். வளர்த்தாள், அவ்வளவுதான். மாடி அறையில், ஜன்னலை எல்லாம் மூடிவைத்து, ஒரு பொட்டு வெயில் படாமல், தளதளவென்று வளர்த்துவிட்டாள். போலீஸ்காரனே வாயைப் பிளந்தான். எல்லாம் அவள் வாயால் வந்தது. சொல்கிறேன் கேளுங்க.

அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு அவள் வந்தே ஆகவேண்டும். திங்கட்கிழமை அவளுக்கு ஜாமீன் மனு கோர்ட்டுக்கு வருகிறது. அதற்குள் அவளிடம் ஒரு விஷயம் பேசி முடிக்க வேண்டும். பேசிவிட்டால் போதும். என்னிடம் பேசி எவனும் தாண்டிப் போனதில்லை.

சவடமுத்து பழைய இரும்புக் கடை என்றால் எங்கள் பக்கம் யாரும் சொல்வார்கள். சாக்கைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாகத் தகரம் பொறுக்கினவன் நான். செருப்பு கிடையாது. ஆணி குத்தினால் காலிலிருந்து பிடுங்கி அதையும் சாக்கில் போடுவேன். அப்படி வந்தவன். பேரம் பேசாமல் ஒரு பொருள் வாங்கினதில்லை. என் கல்யாணத் தாலிக்கே ஆசாரியிடம் மத்தியானம் வரைக்கும் நின்றேன். மகளுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடமும் பேசினேன். "ஐயா, இது கத்திரிக்கா கடை இல்ல" என்றது அந்தம்மா. "கத்திரிக்காயாவது சொத்தைனா திருப்பிக் குடுக்கலாம்மா" என்றேன். குறைத்துக்கொண்டார்கள், பாருங்க.

வீடு தோல்ஷாப்புகளுக்குப் பின்னால் வாங்கினேன். தோல் பதனிடுகிற நாத்தத்துக்குப் பயந்து எவனும் வராததால் மலிவாக வந்தது. முன்னால் பெரிய முற்றம். பஞ்சவர்ணம் வந்ததும் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தாள், ஒரு செம்பருத்தி, என்னென்னமோ வைத்தாள். லோடு வண்டி உள்ளே வந்து திரும்ப வேண்டாமா? எல்லாவற்றையும் வெட்டிவிட்டு முற்றம் பூராவும் சிமென்ட் போட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். உடைந்த பெயிண்ட் வாளியில் ஒரு துளசி மட்டும் வைத்திருந்தாள். அந்த வாளியும் ஒருநாள் பிளாஸ்டிக் லோடோடு போய்விட்டது. நான் வேண்டுமென்றா போட்டேன்? வாளி என்றால் வாளி. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால்தானே தெரியும்? பேசாத பொம்பளையோடு எப்படித் தம்பி குடித்தனம் பண்ணுவது?

மாடி காலியாக இருந்தபோது அந்தப் பையன் வந்தான். அஸ்வந்த் என்று பேர். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்ப்பது என்றான். நான் கூட்டித்தான் வாடகை சொன்னேன், அவன் குறைத்துக் கேட்பான் என்று. "ஓகே அங்கிள்" என்றான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேரம் பேசாதவனிடம் ஜெயித்தால் ஜெயித்த மாதிரியே இருக்காது. அதனால் அட்வான்ஸைக் கூட்டினேன். அதற்கும் ஓகே. கரண்டுக்குத் தனி மீட்டர், யூனிட்டுக்கு நான் வைக்கிறதுதான் ரேட்டு, ஊரில் எல்லா வீட்டுக்காரனும் வாங்குகிற மாதிரிதான். அதற்கும் ஓகே.

அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா என்று வக்கீல் கேட்கிறார். நல்லாயிருக்கு கதை. கேட்டதைக் கொடுக்கிறவனை எவனாவது சந்தேகப்படுவானா?

பெட்டி பெட்டியாகச் சாமான் வந்தது. ஜன்னலுக்கெல்லாம் பளபளவென்று வெள்ளித்தாள் மாதிரி ஒட்டினான். ஏ.சி. மாட்டினான், காற்றாடி மாட்டினான். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாதாம். மாடி மீட்டர் ஓடின ஓட்டம் இருக்கே, நின்று பார்ப்பேன் தம்பி. கடையிலிருந்து வந்ததும் சோறு திங்கிறதுக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன்.

கொஞ்ச நாளில் ஒரு மாதிரி வாடை வந்தது. பக்கத்து வீட்டம்மா வந்து கேட்டது. "ஏண்ணே, உங்க மாடியில என்னமோ நாறுதே?" என்றது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தோல்ஷாப்புக்குப் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு நாத்தத்துக்குப் பஞ்சாயத்து வைக்கிறியா? மல்லியப்பூ வாசம் வேணும்னா நெலக்கோட்டையில போயி வீடு பாரு" என்று விரட்டினேன். அப்புறம் அந்தம்மா எங்கள் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை.

ஒருநாள் அந்தப் பையன் ஊருக்குப் போகிறேன் என்று இவளிடம் வந்து நின்றான். "ஆன்ட்டி, மேல கொஞ்சம் செடி இருக்கு. வெளிநாட்டு மருந்துச் செடி. தண்ணி மட்டும் ஊத்துறீங்களா?" என்று சாவியைக் கொடுத்தான். இவளுக்கு அது போதாதா? சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினாள். இறங்கி வந்தவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அழுகிற மாதிரி இருந்தது, ஆனால் அழவில்லை. "பாவம்ங்க, தண்ணிய ஊத்தி ஊத்தியே மூழ்கடிச்சு வெச்சிருக்கான். எல்லாம் மஞ்சள் பாஞ்சு தொங்கிக்கிட்டு நிக்குது" என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி அவள் மூச்சுவிடாமல் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் சோறு போடும்போதெல்லாம் செடிப் பேச்சுதான். இன்றைக்கு ஒன்று தலை நிமிர்ந்தது, இன்றைக்கு ஒன்று புது இலை விட்டது. பாட்டெல்லாம் பாடினாள் தம்பி. சமையலறையில் நின்று பாடுகிறாள். "என்னடி, ரேடியோவை முழுங்கிட்டியா?" என்றேன். சிரித்தாள். பையன் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "நீங்களே பாத்துக்கங்க ஆன்ட்டி" என்று சாவியை அவளிடமே விட்டுவிட்டான். முக்கால்வாசி நாள் அவன் வெளியூரில்தான். இவள் மாடியிலேதான்.

நான் போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்கிறீங்களா? ஒரே ஒரு தடவை போனேன். திண்டுக்கல்காரனுக்குப் பூட்டைப் பற்றிச் சொல்லணுமா? என் வீட்டில் எவன் எந்தப் பூட்டு மாட்டினாலும் அதற்கு இன்னொரு சாவி என்னிடம் இருக்கும், அது அவளுக்கும் தெரியும். சாவி போடுகிற ஆள் நம்ம கடைக்கு வருகிறவன். இவள் சாவி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போன நேரத்தில் செய்து வைத்துக்கொண்டேன். திறந்து பார்த்தேன், ஊதா வெளிச்சமாக இருந்தது. எத்தனை விளக்கு எரிகிறது, மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. பூட்டிவிட்டு வந்துவிட்டேன். செடியை எவன் பார்த்தான்?

இப்பத்தான் விஷயம் வருகிறது. எங்கள் தெருக் காளியம்மன் கோயிலுக்குத் திருவிழா சாட்டினார்கள். முளைப்பாரி எடுப்பது உங்கள் ஊரில் உண்டா? உண்டா, நல்லது. அப்ப உங்களுக்குத் தெரியும். தட்டாம்பயறு, மொச்சை எல்லாம் மண் ஓட்டில் எருப் போட்டு விதைத்து, வெளிச்சமே படாத அறையில் வைத்து வளர்ப்பார்கள். இருட்டில் வளர்வதால் மஞ்சளாக வெளுத்து, மெலிந்து நீளமாக நிற்கும். அதுதான் கணக்கு. நல்லா வளர்ந்தால் குடும்பம் நல்லாயிருக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் இருட்டறை இல்லாமல் இல்லை, இரண்டு இருக்கு. இரண்டிலும் பழைய மோட்டார் போட்டு வைத்திருக்கிறேன். வருசா வருசம் அடுத்த வீட்டில் கெஞ்சித்தான் இவள் முளைப்பாரி ஓட்டை வைப்பாள். அடுத்த வீட்டைத்தான் நான் விரட்டிவிட்டேனே. இவள் என்ன பண்ணினாள், முளைப்பாரியைக் கொண்டுபோய் மாடி அறையில் வைத்துவிட்டாள், அந்தச் செடிகளுக்கு நடுவில், அந்த வெளிச்சத்தில்.

ஊர்வலத்தன்றைக்குத் தெருவே திரண்டு நிற்கிறது. எல்லாப் பொம்பளைகள் தலையிலும் வெளுத்த மஞ்சள். இவள் தலையில் மட்டும் பச்சை. கரும்பச்சை தம்பி. தண்டு ஒவ்வொன்றும் விரல் மொத்தம். கொட்டு அடிக்கிறவன் அடியை விட்டுவிட்டுப் பார்க்கிறான். "ஏ பஞ்சவர்ணம், ஆத்தா உனக்கு மட்டும் வயக்காட்டையே தூக்கிக் குடுத்திருக்காடி!" என்று ஒருத்தி கத்துகிறாள். இவளாவது சும்மா இருந்திருக்கலாம். "எங்க மாடியில லைட்டு இருக்குல்ல, அதுல வெச்சேன்" என்றாள். அதுதான் அவள் வாய். அங்கேதான் பிடித்தது சனி.

முளைப்பாரியைக் குளத்தில் கரைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. தெருவில் எத்தனை வீடு, வீட்டுக்கு ஒரு ஓடு, எல்லாவற்றையும் அடுத்த வருசம் நம்ம மாடியில் வைத்துக் கொடுத்தால் என்ன? ஓட்டுக்கு இவ்வளவு என்று ஒரு ரேட்டு. பச்சை முளைப்பாரி வேண்டுமென்றால் சவடமுத்து வீட்டுக்குத்தான் வரவேண்டும். யோசனை எப்படி? சாக்குத் தூக்கினவன் மூளை, சும்மா இருக்குமா?

கோயில் கமிட்டியில் குருவையா என்று ஒருத்தர், போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் சரி என்றால் ஊர் சரி என்ற மாதிரி. மறுநாள் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். பஞ்சவர்ணம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். என் சாவியைப் போட்டுத் திறந்தேன். "பாருங்க ஏட்டய்யா, நம்ம வீட்டு விஞ்ஞானத்த" என்றேன்.

மனுசன் வாசப்படியிலேயே நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார். என்னைப் பார்த்தார்.

"சவடமுத்து, இது என்ன செடின்னு தெரியுமாய்யா உனக்கு?"

"மருந்துச் செடின்னான் ஏட்டய்யா."

"கஞ்சாய்யா."

தம்பி, கதவை இழுத்துப் பூட்டினேன். மாடிப்படியிலேயே உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். யாருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றேன். "ஊரு பூரா உன் பெண்டாட்டி முளைப்பாரியப் பத்தித்தான் பேசுது. இன்னைக்கு நான் ஏறினேன், நாளைக்கு இன்னொருத்தன் ஏறுவான். நான் பாத்துட்டு மூடிட்டேன்னு வந்தா என் பென்சன் போயிரும்" என்றார். அதிலும் நியாயம் இருக்கு. "சொல்லுறதுன்னா சொல்லுங்க, என் பேரு வராமச் சொல்லுங்க. கடை கிடக்கு, ஆளுக கிடக்கு" என்றேன். ரொம்ப நேரம் பேசினேன். கமிட்டிக்குப் புது மைக் செட்டு வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாவி யாருகிட்ட இருக்கு?"

"அவகிட்ட."

"அவகிட்ட மட்டுமா?"

"அவகிட்ட மட்டும்."

அவர் என் கையைப் பார்த்தார். கையில்தானே சாவி இருந்தது. பார்த்துவிட்டு எழுந்து போனார். பெரிய மனுசன். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மைக் செட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

வந்தார்கள். ஒரு பொம்பளை இன்ஸ்பெக்டர், கூட நாலைந்து பேர். இவள் அப்போதுதான் அரிசிப் பையை இறக்கி வைக்கிறாள். "மேல செடிக்குத் தண்ணி ஊத்துறது யாரும்மா?" என்று கேட்டார்கள். "நான்தான் மேடம்" என்றாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளை கையைத் தூக்குமே, அந்த மாதிரி. "இம்புட்டுச் செழிப்பா எப்படிம்மா வளத்தீங்க?" என்று அந்தம்மா கேட்டது, நக்கலாகத்தான். இவளுக்கு அது புரிகிறதா? "அதுககிட்டப் பேசுவேன் மேடம்" என்கிறாள். சிரித்துக்கொண்டு சொல்கிறாள்!

அப்புறம் பிடுங்க ஆரம்பித்தார்கள். மேலே அவள் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. "வேரோட புடுங்காதீங்கய்யா, இப்பத்தான் பூ எடுத்திருக்கு, புடுங்காதீங்கய்யா" என்று. என்ன செடி என்று சொன்ன பிறகும் அதையே சொன்னாள். கீழே கூட்டி வந்து, "சாவி வேற யாருகிட்டயாவது இருக்கா?" என்று கேட்டார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள்.

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செடியெல்லாம் போயும் ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த ஆளில்லாமல்.

"இல்லங்க" என்றாள். "எங்கிட்ட மட்டுந்தான்."

ஜீப்பில் ஏறும்போதுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எவ்வளவு திமிர் பாருங்க. அந்தப் பையனா? அவன் போன் அன்றைக்கு அணைந்ததுதான். கொடுத்த பேர், ஊர் எல்லாம் பொய்யாம். என் கரண்டுக் காசும் அவனோடு போயிற்று.

மகள்தான் வக்கீல் வைத்திருக்கிறாள். அந்த ஆளிடம் ஃபீஸ் குறைக்கச் சொல்லிப் போனேன். எனக்கே பாடம் எடுக்கிறார். என்னிடமும் ஒரு சாவி இருக்கும் என்று அவருக்கு ஒரு சந்தேகம். "வாடகைக்கு விட்டவன் நான், எனக்கும் ஒரு சாவி இருந்துச்சு, நானும் செடியப் பாத்தேன், மருந்துச் செடின்னு நெனச்சேன்னு நீங்க வந்து சொன்னா அந்தம்மா வெளிய வர வழி இருக்குய்யா" என்கிறார். அப்ப எனக்கு என்ன ஆகும் என்றேன். "உங்களையும் விசாரிப்பாங்க" என்கிறார். எவ்வளவு லேசாகச் சொல்கிறார் பாருங்க! நான் உள்ளே போனால் கடையை யார் பார்ப்பது? வீட்டில் ஒரு ஆள் உள்ளே இருப்பது போதாதா? இரண்டு பேரும் உள்ளே இருந்தால் என்ன லாபம், நீங்களே சொல்லுங்க.

அந்த வக்கீல் இப்போது அவளிடம் போய், "உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சாவி இருந்ததா, சொல்லுங்கம்மா" என்று அரிக்கிறாராம். அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் திறந்துவிட்டால்? அதைத்தான் பேச வேண்டும். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், சத்தம் அடங்கட்டும், அப்புறம் பெரிய வக்கீலாகப் பார்த்து நானே எடுக்கிறேன் என்று. அவளுக்கு என்ன குறை? உள்ளே ஒரு கீரைப்பாத்தி கொடுத்திருக்கிறார்களாம், விரும்பிக் கேட்டு வாங்கிப் பார்க்கிறாளாம். மகள் சொன்னாள். "உன் பேரச் சொன்னா அம்மா கீரையப் பத்திப் பேசுதுப்பா" என்றாள். பாத்தீங்களா? நல்லாத்தானே இருக்கிறாள்.

இருங்க, போன், சாவி எல்லாம் உள்ளே விட மாட்டார்கள், எடுத்து வைத்துக்கொள்கிறேன். இது கடைச் சாவி. இதுவா? இதுதான் அது. மாடிச் சாவி. ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்கிறீங்களா? பித்தளை தம்பி. நல்ல கனம். தூக்கிப் பாருங்க. பித்தளையைத் தூக்கிப் போட எனக்குக் கை வராது. உங்களிடம் காட்டினால் என்ன, நீங்க யாரோ, நான் யாரோ.

கூப்பிடுகிறார்கள். என்னைத்தான்.

இருக்கேம்மா, இந்தா இருக்கேன். பஞ்சவர்ணம் வீட்டுக்காரர் நான்தான்.

...

கேட்டீங்களா? வரலையாம். பாத்திக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருக்கிறாளாம், பாதியில் விட்டுவிட்டு வர முடியாதாம். என்ன பேச்சு இது? யாருக்குச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள்?

உங்களைக் கூப்பிடுகிறார்கள், போங்க, போங்க. தம்பி, ஒரு நிமிசம். கோவிச்சுக்காதீங்க. உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. திண்டுக்கல் பஞ்சவர்ணம்னு உள்ள கேட்டாச் சொல்லுவாங்க, கீரைப்பாத்தியில நிப்பா. அவகிட்ட சொல்லச் சொல்லுங்க, திங்கட்கெழம வாயத் திறக்க வேணாம்னு. பதிலுக்கு முத்தத்துல போட்ட சிமென்ட்ட உடைச்சுத் தர்றேன், என்ன வேணும்னாலும் நட்டுக்கிறட்டும். முழுசும்னு சொல்லிராதீங்க. பாதி. லோடு வண்டி திரும்பணும்ல.

இல்ல, இருங்க தம்பி. மொதல்ல கால்வாசின்னு சொல்லச் சொல்லுங்க. அவ வாயத் தொறந்து கேக்கட்டும், அப்பறம் பாதிக்கு வருவோம்.